ஜப்பான் சாரை

ஃபேன் வேணாம் சார், சத்தத்துல எனக்குப் பேச்சு வராது. மதுரை வெயில் எனக்குப் பிறந்ததுல இருந்து பழக்கம். அந்தப் பாம்புக்குத்தான் ஆகாது. அதுக்காகத்தான் திருநகர் வீட்ல பின் ரூமுக்கு ஏசி போட்டேன். நாங்க படுக்குற ரூம்ல இன்னிக்கும் ஃபேன்தான். "ஜப்பான்காரிக்கு மட்டும் குளுகுளுன்னு இருக்கணும், நான் வெந்து சாகணும், அப்படித்தானே"ன்னு செல்வி பேசுவா. செல்வி என் வீட்டுக்காரி. உங்ககிட்ட புகார் குடுத்ததும் அவதான். அவ மேல எனக்கு வருத்தமில்ல. கூடப் பிறந்த தம்பியைப் பறிகுடுத்தவ சும்மா இருப்பாளா.

எனக்கு மீன் தொட்டிக் கடை சார். வெளிநாட்டு மீன் வர்ற பெட்டியோட பெட்டியா அந்தப் பாம்பு வந்துச்சு. நான்தான் சொல்லி வரவழைச்சேன், மறைக்கல. ஹாபுன்னு பேரு. ஜப்பானுக்குத் தெக்க தீவு தீவா ஒரு வரிசை கிடக்கு. இந்தப் பாம்பு அங்க மட்டும்தான். அங்க ஒரு கருப்பு முயல் இருக்கு, பறக்கத் தெரியாத ஒரு பறவை இருக்கு, அதுகளும் உலகத்துல வேற எங்கயும் கிடையாது. ஹாபுவை ஒழிக்கணும்னு நம்ம நாட்டுக் கீரியைக் கொண்டுபோய் அந்தத் தீவுகள்ல விட்டாங்க. கீரி திரியுறது பகல்ல, ஹாபு வெளிய வர்றது ராத்திரி. ரெண்டும் கண்ணுல பட்டாத்தானே. கீரி பாட்டுக்கு முயலையும் பறவையையும் பிடிச்சுத் தின்னுருச்சு. அதைப் படிச்சதும் எனக்கு மனசே ஆறல. நம்ம பிராணி போய் அம்புட்டுப் பாவம் பண்ணிருக்கு, அந்த மண்ணுல பிறந்த ஒண்ணையாவது நாம நல்லா வச்சுக்குவோம்னு நினைச்சேன்.

விஷம்னு வீட்ல சொல்லல. ஜப்பான் சாரை, கடிச்சாலும் ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லி வச்சேன். பயந்துகிட்டே கிடந்தா யாருக்கு நிம்மதி சொல்லுங்க.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. திருமங்கலத்துல ஒரு கல்யாணம், நானும் செல்வியும் கிளம்பிட்டோம். செல்வி தம்பி அழகுராஜாவை வீட்டுக்கு வரச் சொல்லி, "மாப்ள, அதுக்குத் தண்ணி மட்டும் மாத்தி வச்சிரு"ன்னேன். தங்கமான பையன். லோடு வண்டி ஓட்டுவான், நான் எது சொன்னாலும் சரி மச்சான்பான். பந்தியில உக்காந்திருக்கும்போது போன்ல அவன் குரல் வந்துச்சு, பேசி அனுப்பிருந்தான். "மச்சான், உங்க ஜப்பான் சாரை கையில ஒரு போடு போட்டுருச்சு. அக்காகிட்ட சொல்லிராதீங்க, வையும். நீங்க நிதானமா சாப்பிட்டு வாங்க." சொல்லிட்டு ஒரே சிரிப்பு.

நான் சாப்பிட்டு முடிச்சுத்தான் எந்திரிச்சேன். பாதி இலையில எந்திரிச்சா நாலு பேரு என்ன ஏதுன்னு கேப்பாங்க. வேலை இருக்குன்னு செல்வியை அங்கயே விட்டுட்டு வந்தேன்.

வந்து பார்த்தா கை தோள் வரைக்கும் வீங்கிக் கிடக்கு. வண்டியில போகும்போது, "சாரை கடிச்சா இம்புட்டு வீங்குமா மச்சான்"னு கேட்டான். சிலருக்கு ஒத்துக்காது மாப்ள, பேசாம வான்னேன்.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்ட மொதக் கேள்வி, என்ன பாம்புன்னுதான். நம்ம பக்கம் ஆளுக அடிச்ச பாம்பைப் பையில போட்டுக் கொண்டாந்து காட்டுவாங்கள்ல, நானும் கொண்டாரேன்னு கிளம்பினேன். கடை மாடியில யாருக்கும் தெரியாம ஒரு கண்ணாடி விரியன் வச்சிருந்தேன், கல்லுப்பட்டிப் பக்கம் காட்டுல பிடிச்சது. கட்டையை எடுத்து அதை அடிச்சேன் சார். அது ஒரு தப்பும் பண்ணாத ஜீவன். அன்னிக்கு நான் அழுதேன்னு செல்வி சொல்லிருப்பா. அழுதது அதை நினைச்சுத்தான்.

தோட்டத்துல கிடந்துச்சு, இதுதான் கடிச்சுதுன்னு பையைப் பிரிச்சுக் காட்டினேன். அழகுராஜா விரியனையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். "இதுதானாப்பா"ன்னு டாக்டரம்மா அவன்கிட்டயே கேட்டாங்க. அவன், "மச்சானுக்குப் பாம்பு பத்தி எல்லாம் தெரியும் மேடம். அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்"னான். நான் ஏதோ காரணத்தோடதான் சொல்றேன்னு நினைச்சிருப்பான் பாவம்.

அங்க ஏத்துற மருந்து நம்ம ஊருப் பாம்புகளுக்கு உள்ளது. மறுநாள் அவன் தொண்டையில குழாய் போட்டுட்டாங்க, பேச முடியல. டாக்டரம்மா என்னைய வெளிய கூப்பிட்டு, "மருந்து ஏறுது, ரத்தக்கசிவு நிக்கல. வேற பாம்பா இருந்தா இப்பவே சொல்லுங்க, எங்கயாவது கேட்டு வரவழைக்கப் பார்ப்போம்"னாங்க. இல்ல மேடம், விரியன்தான்னேன்.

கேஸுக்குப் பயந்து மறைக்கல சார். சொல்லிருந்தா என்ன ஆகிருக்கும்னு நீங்களே யோசிங்க. ஃபாரஸ்ட்காரங்க வந்து பாம்புப் பெட்டியைத் தூக்கிட்டுப் போயி, ஏதாவது தகரக் கொட்டாயில வச்சிருப்பாங்க. ரெண்டு நாள் தாங்குமா அது. அழகுராஜாவைச் சுத்தி டாக்டர், நர்ஸ், அக்கா, சொந்தபந்தம்னு அம்புட்டுப் பேரு நின்னாங்க. அதுக்கு என்னைய விட்டா யாரு இருக்கா.

அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உள்ளங்கையில அவன் விரல் அசைஞ்சுச்சு. என்னமோ சொல்லப் பார்த்தான். உண்மையைச் சொல்லிரலாம்னு வாயைத் திறந்தேன், நெசமாத்தான். அதுக்குள்ள செல்வி உள்ள வந்துட்டா. "உங்க மச்சான் இருக்காருடா, உனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு அவன் காதுல சொன்னா. மறுநாள் காலையில போயிட்டான்.

போன்ல இருந்த அவன் குரலை நான் அழிச்சிருக்கலாம். முடியல. அம்புட்டு சந்தோஷமாப் பேசிருப்பான். காரியம் முடிஞ்சு ஒரு நாள் என் போனை எடுத்த செல்வி அதைக் கேட்டுட்டா.

கொன்னியான்னு கேட்டீங்க. கடிச்சது பாம்பு சார். அதைச் சாரைன்னு சொன்னது நான், விரியனைக் காட்டினது நான், மத்தபடி சும்மாதான் இருந்தேன். நீங்க எப்படி வேணா எழுதிக்கங்க, கையெழுத்துப் போடுறேன்.

ஒண்ணே ஒண்ணு சார். பெட்டியை ஃபாரஸ்ட்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். அவங்களுக்கு உடனே ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க. அது சாரை இல்ல, கொடிய விஷம். தண்ணி மாத்துறேன்னு யாரும் கையை விட்டுறக் கூடாது. கடிச்சா அதுக்கு இங்க மருந்து கிடையாது. இதெல்லாம் மொதல்லயே சொல்லிரணும் சார். சொல்லாம விட்டு ஒரு உசுரு போச்சுன்னா, அந்தப் பாவத்தை யாரு சுமக்குறது.