மூன்றாவது தொலைபேசி எண்

சுவிட்சர்லாந்தின் கூர் நகரப் பேருந்தில் எனக்கு முன்னால் இருந்த தமிழ்ப் பெண் கணவனிடம் கேட்டாள்: "பிள்ளை காலை முறிச்சா ஆருக்கு ஃபோன் அடிக்கச் சொல்லுறது?"

அவள் மடியில், ஆறு வயது மகளைக் குளிர்காலப் பனிச்சறுக்கு வகுப்பில் சேர்க்கும் படிவம் கிடந்தது.

"எங்கட வேலையிடத்து நம்பர் ரெண்டும் போட்டாச்சுதானே?"

"காணாதாம். நாங்கள் இல்லாட்டி வாறதுக்கு மூண்டாவது ஆள் வேணுமாம். இல்லையெண்டால் சேர்க்கமாட்டினமாம்."

"லண்டன் அண்ணையைப் போடு."

"அவர் பறந்து வந்து தூக்குவாரோ?"

"மேல்மாடிக் கிழவி?"

"ரெண்டு வருசமா குட்டன் டாக் எண்டு வணக்கம் மட்டும் சொல்லுறம். பேர் தெரியுமோ உங்களுக்கு?"

கணவன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். "அப்ப பிள்ளையைச் சறுக்க விடவேண்டாம்."

"பள்ளிக்கூடத்தில இவளின்ர வகுப்பில எல்லாரும் போகினம். இவள் மட்டும் தனிய இருக்கிறதோ?"

அவன் படிவத்தை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தான்.

இந்த ஊரில் உணவகமொன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, அதன் சமையல் குசினிக்கே பொறுப்பாளனாகி, சொந்தத் தொலைபேசி வைத்த முதல் தமிழன் நான். படிக்காதவன்தான், ஆனாலும் என் எண்ணை எவர் உதவியும் இல்லாமல் எழுதுவேன். இதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை. அவர்களும் கேட்கவில்லை. என் தரிப்பு வந்தது, இறங்கிவிட்டேன்.