பால்கனியில் இரண்டு நாற்காலி

எங்கள் வீட்டுப் பக்கம் குளிர் எப்போதும் ஒரு போர்வை அதிகம், டாக்டரம்மா. ஊருக்குள்ளே தார்நாகாவில் இருந்தவரை இது தெரியவில்லை. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அவர் ஓய்வு பெற்றதும் செருவுக் கரையில், ஏரியைப் பார்த்தாற்போல ஃப்ளாட் வாங்கிக்கொண்டு வந்தோம். டிசம்பர் பிறந்தால் காலையில் வெகுநேரம் தண்ணீரே தெரியாது, வெறும் பனிதான். சரி, அவர் உள்ளே கண் பரிசோதனை முடித்து வருவதற்குள் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டீர்களா என்று கேட்டீர்கள். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு ராத்திரிகூட நான் விடாமல் இருந்ததில்லை.

என் வீட்டுக்காரருக்குப் புத்தகம் என்றால் சோறு வேண்டாம். மாயவரத்துக்காரர். இங்கே வேலைக்கு வந்தபோது துணிமணியைவிடத் தமிழ் நாவல்கள்தான் அதிகம் கொண்டுவந்தாராம். நான் லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்தவள். தமிழ் பேசுவேன், படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் தெலுங்குதான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஸ்லேட்டும் பலப்பமும் வாங்கிக்கொண்டு வந்தார்.

“அரசி, வா, உக்காரு. மூணே மாசத்துல படிக்க வெச்சிடறேன்.”

மங்கையர்க்கரசி என்ற என் பெயரை அப்படிச் சுருக்கியது அவர்தான்.

“நக்கோங்க. கைக்கு எனக்கு அதெல்லாம்?” என்று, வேண்டாம், எதுக்கு என்பதை இந்த ஊர் உருதுவில் சொல்லிச் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிப் பார்த்தார். நடுவில் குக்கர் விசில் அடிக்கும், எழுந்து போவேன். திரும்பி வந்தால் மனசுக்குள் படித்துக்கொண்டிருப்பார். ஸ்லேட்டை இன்னொரு தரம் எடுத்து நீட்டியிருக்கலாம். மனுஷி என்றால் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வாள்.

அப்புறம், நாங்கள் செருவுக் கரைக்கு வந்த பிறகு, பக்கத்து ஃப்ளாட்டுக்கு ஜுலைகா வந்தாள். பூர்வீகம் நாகூர், படித்தது இங்கே உருதுப் பள்ளியில். என்னைப் போலவே தமிழ் பேச்சோடு சரி, எழுத்துத் தெரியாது. அதனாலேயே முதலில் எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அவள் கதை கேட்க ஆசைப்பட்டாள், இவர் படித்துக் காட்ட ஆரம்பித்தார்.

எங்கள் பால்கனியில் வெயில் விழுகிற இடத்தில் இரண்டு நாற்காலிதான் கொள்ளும். பனி விலகியதும் இரண்டு பேரும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். தப்பாக எதுவும் இல்லை, நான் அபாண்டம் சொல்ல மாட்டேன். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். வேறு மாதிரி விஷயமாக இருந்தால் நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். காலை வெயிலில் உட்கார்ந்து கதை படிக்கிறார் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நான் சமையலறை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் போவன்பள்ளிச் சந்தையில் வாங்கிய பட்டாணியை உரித்துக்கொண்டிருப்பேன். சிரிப்பான இடம் வருவதற்கு முன்னாலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அவளும் சிரிப்பாள். என்ன என்று எனக்குத் தெரியாது. வயிறு எரிகிறது என்று சும்மா பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே எரிகிறது, டாக்டரம்மா.

கண்ணில் அழுத்தம் இருக்கிறது என்று நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். வலிக்காது, ஆனால் மருந்தை நிறுத்தினால் பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது என்றீர்கள். வேறு யாரும் அத்தனை பொறுமையாக விளக்கியிருக்க மாட்டார்கள்.

அவருக்குக் கை நடுங்கும், அதனால் மருந்து விடுவது என் வேலை. புது பாட்டில் வந்ததும் உள்ளே இருப்பதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை நிரப்பிவிடுவேன். கண்ணில் கிருமி போய்விடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். உங்களிடம் காட்ட வேண்டிய தேதிகளையும் நான்தான் தள்ளிப்போட்டேன். ராத்திரி என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு கண்ணை அகல விரிப்பார். அப்போது அவர் பார்ப்பது என் முகத்தை மட்டும்தான்.

போன குளிர்காலத்தில் அவரால் வரி பிடிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்த இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் இன்றைக்கு என்ன நிறம், கொக்கு வந்திருக்கிறதா என்று கேட்பார். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டுவார். என் ஆயுசில் அத்தனை சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. ஒரு நாள் காலையில் ஜுலைகா வந்தாள், அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள், பால்கனியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். திக்கித் திக்கித்தான், ஆனால் படித்தாள்.

“அண்ணா வெரல் வெச்சுப் படிக்கறதையே பாத்துட்டிருந்தேன் அக்கா. அப்படியே புடிபட்டுடுச்சு,” என்றாள்.

நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து குரலை மட்டும்தான் கேட்டிருந்தேன். அவர் விரலைப் பார்க்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

“அரசி, கேட்டியா? ஜுலைகா படிக்கிறா!”

அத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பற்றி அந்தக் குரலில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது காலை முழுக்க அவள்தான் படிக்கிறாள், முன்னைவிட அதிக நேரம். நான் பழையபடி பட்டாணி உரிக்கிறேன். இந்த வருஷப் பனிக்கு அவளுக்கு லேசாகத் தொண்டை கட்டியது. தினமும் கஷாயம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். அதிலிருந்து குரல் தேய்ந்துகொண்டே வருகிறது. நேற்று அரைப் பக்கத்துக்கு மேல் அவளால் முடியவில்லை. அக்கா கைப் பக்குவமே தனி என்று சொல்லி, அடிவண்டல் வரைக்கும் குடித்துவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைக்கிறாள்.

அதில் என்ன போடுகிறேன் என்று அவள் கேட்டதில்லை. பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன், டாக்டரம்மா. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.