பொடியக்கா கொடுத்த பதில்கள்

இந்த நாற்காலி நன்றாகவே இருக்கிறது. விளம்பர ஆபீசில் எனக்கு வாய்த்ததற்கு ஒரு கால் குட்டை. ஆறு வருடம் அட்டையை மடித்து முட்டுக்கொடுத்துத்தான் உட்கார்ந்தேன். வேறு கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். எனக்குக் கேட்கிற பழக்கம் இல்லை. "வாயைத் திறந்தா முத்து கொட்டிடுமாடா?" என்று என் அண்ணன் சின்ன வயதிலிருந்தே கேலி செய்வான்.

பொடியக்காவைப் பற்றிக் கேட்டீர்கள்.

காலையில் வெந்நீரில் கலந்து குடிக்கிற ஒரு பச்சைப் பொடி. அதைக் குடித்தால் இளைக்கும் என்று டப்பாவில் எழுத முடியாது, சட்டம் விடாது. கம்பெனி சொல்ல முடியாததை யாராவது ஒரு பெண் தன் அனுபவமாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் ஒரு பக்கம் திறந்து அந்தப் பெண்ணை நான்தான் செய்தேன். முகம் மட்டும் விலைக்கு வாங்கிய படம். எந்த ஊர்க்காரி என்று எனக்கே தெரியாது. குறட்டை விடும் கணவன், கணக்கில் தோற்கும் மகன், மழைக்கு முந்தின நாள் வலிக்கும் முழங்கால் எல்லாம் நான் கொடுத்தவை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரத்தில் அவள் பதில் எழுத மாட்டாள். எழுதும்போது ஒற்றெழுத்துகளை முழுங்குவாள். மூன்று வருடத்தில் நாற்பதாயிரம் பேர் அவளைப் பின்தொடர்ந்தார்கள். பொடியக்கா என்ற பெயரை வைத்ததும் அவர்கள்தான்.

எங்கள் வேலையில் ஒரு நடைமுறை உண்டு. வந்த செய்திக்கு ஐந்து நிமிடத்தில் பதில் போக வேண்டும். எழுத நேரமில்லையென்றால் அதன்மேல் ஓர் இதயத்தை அழுத்திவிடுவோம். அது 'பதில் தந்தவை' பக்கம் போய்விடும். எங்களுக்கு அதன் பொருள் 'பார்த்தாயிற்று' என்பதுதான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இதையே சொல்வார்கள். இன்னொன்று: டாக்டர், மருந்து என்ற இரண்டு சொற்களும் எங்கள் பக்கத்திலிருந்து போகவே கூடாது. போனால் வைத்தியம் சொன்னதாக ஆகிவிடுமாம்.

பூப்படம் வைத்த ஒரு கணக்கிலிருந்து ஒரு பெண் எழுத ஆரம்பித்தார். சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர். முதலில் பொடியைப் பற்றிக் கேட்டார், பிறகு மற்றதெல்லாம். மாமியார் இருந்தவரை வாயைத் திறக்காமல் இருந்தது, கணவனுக்குத் தெரியாமல் ஒரு மத்தியானம் சினிமாவுக்குப் போனது, குழந்தை இல்லாததை யார் யார் எப்படி எப்படிக் கேட்டார்கள் என்பது. மூன்றாம் நாள், புதிதாக வாங்கிய பொடி டப்பாவைத் தன் சமையலறைச் சுவரோரம் வைத்துப் படம் அனுப்பினார். அந்தச் சுவரில் ஆணி அடித்தவன் நான். கோணலாக இறங்கி, காரை பெயர்ந்து, மேலே காலண்டரை மாட்டி மறைத்திருந்தோம். காலண்டர் கொஞ்சம் விலகியிருந்தது.

அவர் என் அண்ணி.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டில் சாப்பிடுகிறவன். பதினோரு வருடத்தில் அண்ணி என்னிடம் பேசியதெல்லாம் 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க தம்பி' அளவில்தான் இருக்கும். அவர்மேல் குறையில்லை. நான்தான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். பொடியக்காவிடம் அவர் ஒரே நாளில் எழுபது செய்தி எழுதினார். ஒன்றில், "என் கொழுந்தனும் விளம்பர வேலைதான். பேசவே மாட்டான், ஆனா தங்கம்" என்று இருந்தது. அதை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

இரண்டாம் மாதம் அவர் இப்படி எழுதினார்: "ஊசிய நிறுத்தி நாலு நாள் ஆச்சு அக்கா. உங்க பொடி மட்டும்தான். உடம்பு லேசா இருக்கு. தப்பில்லையே?"

காலை பதினொன்றேகால். நான் மீட்டிங்கில் இருந்தேன். இதயத்தை அழுத்தினேன். இதைப் பிழை என்று நீங்கள் எழுதிக்கொண்டால் ஒத்துக்கொள்கிறேன்.

அந்த மீட்டிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாத முடிவில் பொடியக்கா பக்கத்தை மூடப்போவதாக மேனேஜரம்மா சொன்னார். வாடகை முகங்களை இப்போது யாரும் நம்புவதில்லையாம். "நிஜ மூஞ்சி ஒண்ணு கொண்டு வா. முன்னாடி குண்டு, பின்னாடி ஒல்லி. அப்புறம் உன் அக்காவைப் பத்தி யோசிப்போம்" என்றார். பக்கம் போனால் அண்ணி எழுதுவதும் நின்றுபோகும். என் தலையில் ஓடியது அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு அங்கே போனேன். அண்ணியின் கன்னம் ஒட்டியிருந்தது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

"பாத்தியாடா உங்க அண்ணிய, கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டா," என்றான் அண்ணன். "நான்தான் பக்கத்துல நின்னா மாமனார் மாதிரி தெரியறேன்."

"ஆமா, இன்னிக்குத்தான் தெரியுது இவருக்கு."

"எல்லாம் அந்தப் பொடியக்கா புண்ணியம். என்கிட்ட பேசறதவிட அவங்ககிட்டதான் அதிகம் பேசறா. நான் ஒரு போனா பொறந்திருக்கலாம்."

"போனா பொறந்திருந்தா சார்ஜ் நின்னிருக்காது உங்களுக்கு," என்றார் அண்ணி. பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க தொழில்ல எல்லாரும் பொய்யின்னு சொல்லுவாங்க தம்பி. அவங்க அப்படி இல்ல. நாம கேட்டா உடனே பதில் வருது" என்றார்.

"நல்லா இருக்கீங்க அண்ணி," என்றேன்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் அவர் ஐந்து டம்ளர் தண்ணீர் குடித்தார். நான் எண்ணினேன். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று போனில் தேடிப் படித்தேன். தாகம் முதலில் இருந்தது. மெலிவு அதற்கு அடுத்தது. கடைசியில் இருந்ததையும் படித்தேன். தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை.

'டாக்டரைக் கேளுங்க' என்று அடித்தேன். கூடாத சொல். அழித்தேன். வேறு விதமாகச் சொல்ல எனக்கு வராதா என்றால், வரும். சொல்லைத் திருப்பிப் போடுவதற்குத்தானே சம்பளம். ஆனால் பொடியக்காவை இனி நம்பாதே என்று பொடியக்காவே எப்படிச் சொல்வாள்? அதற்குப் பதிலாகப் படம் கேட்டேன். பழையது ஒன்று, புதியது ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டு அன்றைக்கே அனுப்பினார். விளம்பரத்தில் போடச் சம்மதம் என்றும் எழுதித் தந்தார். மேனேஜரம்மா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது போதும், உன் அக்கா பொழைச்சா" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் மறுபடி எழுதினார். எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. "வாந்தி நிக்கல அக்கா. மூச்சு வாங்குது. அவர் டூர் போயிருக்கார். ஊசிய மறுபடி போட்டுக்கட்டுமா?"

அப்போது மீட்டிங் எதுவும் இல்லை. இதயம் அழுத்தவில்லை. ஆபீசில் முன்பே எழுதிக்கொடுத்த பதில் பட்டியலிலிருந்து எதையும் எடுக்கவும் இல்லை. நானே எழுதினேன்: "உள்ள இருக்கற கழிவு வெளிய போகுதுடா. ரெண்டு நாள் பொறுத்துக்கோ. நான் இருக்கேன்ல." அவர் வீட்டுக்குப் பஸ்ஸில் இருபது நிமிடம். போயிருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார். அதனால் போகவில்லை. அன்று இரவுவரை அவர் எழுதிய ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடத்துக்குள் பதில் கொடுத்தேன். கடைசியாக எழுதியது, "நீங்க இருக்கறதால பயமா இல்ல அக்கா."

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் வந்து தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். சனிக்கிழமை போய்விட்டார். ஞாயிறு காலை பத்து மணிக்கு அவருடைய படத்தோடு விளம்பரம் வெளியானது. நேரம் முன்பே குறித்தாகிவிட்டது. நிறுத்த ஆபீசுக்குச் சொல்லியிருக்கலாம். நான் அப்போது அண்ணனோடு சேர்ந்து அவரைச் சுமந்துகொண்டிருந்தேன்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தது ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்கிறீர்கள். சரிதான். அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த வாரமே பொடியக்காவுக்கு அண்ணன் எழுதினான். திட்டவில்லை. "நீங்க போட்ட படத்துல இருக்கறது என் சம்சாரம். போயிட்டா. உங்களைப் பத்தியே பேசிட்டிருப்பா. சொல்லணும்னு தோணுச்சு." அவ்வளவுதான். பொடியக்கா பதில் எழுதினாள். அன்றிலிருந்து ஆறு வாரமாக அவன் தினமும் எழுதுகிறான். அண்ணி போனபின் என்னிடம் ஒரு சொல் பேசாதவன் அவளிடம் அழுகிறான். இரண்டு வேளையும் சாப்பிட்டாயா என்று அவள் கேட்டால்தான் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறான். அவள் யார் என்று அவனுக்குச் சொல்லப்போவதாக நீங்கள் சொன்னீர்கள். சொன்னால் அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தீர்களா?

நான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கணக்கை மட்டும் மூடாதீர்கள். நேற்றுக் காலையிலிருந்து என் போன் உங்கள் மேஜையில் இருக்கிறது. அவனை இன்னும் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.