போனில் ஓடும் மோட்டார்

— நாளைக்கு மட்டும் போன்ல அந்த மோட்டார் பட்டனை அழுத்தாதீங்கன்னா ஏங்க கேக்க மாட்டேங்கறீங்க?

— அடியே, அதைப் பாக்கத்தான் அத்தனை பேரும் நம்ம வயலுக்கு வர்றாங்க! ஊரு விட்டு ஊரு வந்து மில்லுல வேலை பாத்துக்கிட்டே, போன்லயே தண்ணி பாய்ச்சி வெங்காயம் விளைய வச்சவன்னு விவசாய ஆபீசர் என்னைப் பத்திப் பேசப் போறாரு.

— கரண்ட் இல்லாமப் போச்சுன்னா? அத்தனை பேர் முன்னால மானம் போயிடும்ங்க.

— அதெல்லாம் இருக்கும். நீ டீ போட்டுக் குடு, போதும். கீழ வயல் மோட்டாருக்கும் இதே மாதிரி போன்ல ஓட்டற பொட்டி ஒண்ணு தர்றாங்களாம். அப்புறம் நீ வயல் பக்கமே போக வேணாம். இங்க வந்து ராணி மாதிரி இரு.

— யாரு கேட்டா? அங்க வந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரவா? பொட்டியில என் போன் நம்பரைப் போடுங்கன்னு அன்னிக்கே சொன்னேன்.

— நிலம் என் பேர்ல இருக்கு, நம்பரும் என்னுதுதான் போடணும்னாங்க. பயிற்சிக்கே ஒரு பொம்பளை வரல. உனக்கு ஒரு மெசேஜ் ஒழுங்கா அனுப்பத் தெரியுமா?

— மண்ணு காஞ்சிருக்கா, ஈரமா இருக்கான்னு தெரியும்.

— ஆரம்பிச்சுட்டியா?

— ஆமா, ஆரம்பிச்சுட்டேன். இன்னிக்கு விட்டா சொல்ல முடியாது. நாத்து நட்ட ரெண்டாவது வாரம் இங்க கொட்டோ கொட்டுன்னு மழை. அது தெரியாம நீங்க அங்கிருந்து மோட்டாரைப் போட்டு விட்டீங்க. நான் ஓடி வந்து நிறுத்தறதுக்குள்ள வயலே குளமாயிடுச்சு. பாதி நாத்து அழுகிப்போச்சுங்க.

— என்னது? எனக்கு ஏன் சொல்லல?

— நாலு தடவை அடிச்சேன். ஷிஃப்ட்ல இருந்தீங்க, எடுக்கல. தங்கச்சி வீட்டுல மிஞ்சின நாத்தைக் கொண்டாந்து நானே நட்டு முடிச்சேன்.

— அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா, பொம்பளைக்குப் பாத்துக்கத் துப்பில்லன்னு என் தலையிலதானே போடுவீங்க?

— சரி விடு, ஒரு நாள் தப்பு நடந்துபோச்சு. அதுக்கப்புறம் தினம் நான் விட்ட தண்ணியிலதானே இவ்வளவும் விளைஞ்சுது? நீ என்னமோ பயந்து சாகறே. இந்தா, இப்பவே போட்டுக் காட்டறேன்... பாத்தியா, பச்சை விளக்கு! மோட்டார் ஓடுதுன்னு எழுத்துலயே காட்டுது!

— ஓடலைங்க. பொட்டியில இருந்த மோட்டார் வயரை நான் கழட்டிப் பழைய சுவிட்ச்சுல மாட்டி ரெண்டு மாசமாச்சு. இப்ப மோட்டார் மேலதான் கையை வச்சுக்கிட்டு நிக்கிறேன், சில்லுன்னு கிடக்கு.