ஒரே படம், ரெண்டு பேரு

இல்லம்மா, துணியப் பிரிக்க வேண்டாம். நான் வரைஞ்சதுதானே, பாக்காமலே எனக்குத் தெரியும். அப்படியே சுவத்துல சாச்சு வெச்சுட்டு வந்து உக்காரு. பூட்ஸெல்லாம் பனி, அடுப்புப் பக்கமா கால நீட்டிக்க. தரை நனைஞ்சா காயுது, விடு.

நீ ஹைரம் தேயரோட கடைசிப் பொண்ணு அல்மைராதானே? மூக்கப் பாத்ததுமே நெனச்சேன். உங்கம்மா போனது கேள்விப்பட்டேன். அடக்கத்துக்கு வந்திருக்கணும், வரல. உடம்பு முடியலன்னு பொய் சொல்ல மாட்டேன். பயம்தான்.

ஆமா, பள்ளிக்கூடத்துலேருந்து எனக்கும் கடுதாசி போட்டாங்க. அம்பதாவது வருஷமாம். மிஸ் ஹாஸ்கெல், அதான் நான், அந்தக் காலத்துல வரைஞ்ச படத்தையெல்லாம் தேடிப் புடிச்சு கூடத்துல மாட்டி, ஒவ்வொண்ணுக்கும் கீழ பித்தளத் தகட்டுல பேரு வெட்டப் போறாங்களாம். நான் இன்னும் சாகலைங்கிறது அவங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியல. அதுக்குத்தான் நீயும் பேரு கேட்டு வந்திருக்கே. படத்துல இருக்கறது உன் அக்கா கெசியான்னாங்க உங்கம்மா, அவளுக்கு அடுத்தவ லோயிஸுன்னாரு உங்கப்பா. கடைசி வரைக்கும் அதுல ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலையா? ம்ம். ஏன்னு வீட்ல யாரும் உன்கிட்ட சொன்னதில்லையா? சரி, நீ அப்பப் பொறக்கவே இல்ல.

சொல்றேன். கொஞ்சம் சுத்தித்தான் வருவேன், பொறுத்துக்க.

எங்கப்பா பேர்ப்பலகை எழுதுறவரு. சத்திரம், செருப்புக்கடை, எல்லாத்துக்கும் எழுதுவாரு. அவரு வரைஞ்ச சிங்கத்தப் பாத்து ஆடு நல்லாருக்குன்னு சொன்னவங்க உண்டு. நான் பதினாறு வயசுலயே அவரவிட நல்லா மூஞ்சி வரைவேன். அவரு போனப்புறம் அவரோட குதிரையையும் பனிவண்டியையும் நான் எடுத்துக்கிட்டேன். ஊர் ஊராப் போவேன். எந்த வீட்ல படம் கேக்குறாங்களோ அங்கயே தங்கி, அவங்க போடுற பீன்ஸையும் சோளரொட்டியையும் தின்னுட்டு வரைவேன். வெர்மான்ட்டுல நான் நடுங்கிக்கிட்டுத் தூங்காத பரண் கிடையாது.

உயிரோட இருக்கறவங்களவிட செத்த பிள்ளைங்கள வரைஞ்சதுதான் ஜாஸ்தி. மூஞ்சியச் சுளிக்காத. அப்ப எங்க பக்கம் போட்டோ ஏது? பிள்ளை போனப்புறம்தான், அதுக்கு ஒரு படம்கூட இல்லையேன்னு தோணும், ஆள் அனுப்புவாங்க. பனிக்காலம்னா எனக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், மண்ணு உறைஞ்சு கிடக்கும், குழி வெட்ட முடியாது. முகத்த, கெடத்தியிருக்கிற பிள்ளையப் பாத்தே வரைஞ்சுக்குவேன். கண்ண மட்டும் நானாத் தெறந்து வெப்பேன், நீலமா பழுப்பான்னு அம்மாக்காரிகிட்டக் கேட்டுக்குவேன். ஆனா கழுத்து நிக்கணுமே, சட்டை மடிப்பு விழணுமே. அதுக்கு, கூடப்பொறந்தது ஒண்ணு அதே உசரத்துல இருந்தா, செத்ததோட உடுப்ப அதுக்கு மாட்டி நாற்காலியில உக்கார வெப்போம். எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க, எங்கப்பாவும் அப்படித்தான். உடுப்புல நோய் ஒட்டிக்கிட்டு வரும்னு அப்ப எங்களுக்கு யார் சொன்னா?

கெசியாவுக்குத் தொண்டைக் காய்ச்சல். ஒம்பது வயசு. முன்னறையில கெடத்தியிருந்தாங்க, ரெண்டு நாள்ல முகத்த முடிச்சேன். மூணாம் நாளு லோயிஸக் கூப்பிட்டேன். எட்டு வயசுதான், ஆனா அக்கா உசரம். கெசியாவோட நீலக் கம்பளி கவுன உங்கம்மாதான் மாட்டிவிட்டாங்க. மாட்டிவிட்டுட்டு அங்க நிக்க முடியாம சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க. நான் ஆடாம இருந்தா அக்கா எந்திரிச்சிருவாளான்னு என்கிட்டக் கேட்டா லோயிஸ். பேசாத, வாய் கோணுதுன்னேன்.

அந்தப் படம்தான் என்ன ஆளாக்குச்சு. பள்ளிக்கூடத்து நிர்வாகத்துல ஒருத்தர் உங்க வீட்டுக்கு வந்து அதப் பாத்துட்டு, செத்த பிள்ளை மூச்சு விடுதேன்னு போய்ச் சொல்லி, என்ன டிராயிங் டீச்சராக் கூப்பிட்டாங்க. முப்பத்தோரு வருஷம். அத்தனை வருஷத்துல ஒரு மூஞ்சி வரைஞ்சதில்ல, சொல்லிக் குடுத்ததும் இல்ல. கிண்ணம், பெட்டி, மேப்பிள் இலை, அவ்வளவுதான். பென்சில் மட்டும்தான், சாயம் கிடையாது. மிஸ் ஹாஸ்கெலுக்கு மூக்கு வராதுன்னு பொண்ணுங்க பின்னால பேசுவாளுங்க. பேசட்டும்னு விட்டுட்டேன்.

இன்னொண்ணும் சொல்லுவாளுங்க. பனியில சறுக்கிட்டு கன்னம் செவக்க வகுப்புக்கு ஓடி வருவாளுங்க இல்ல, நான் உடனே நெத்தியத் தொட்டுப் பாத்து, போய்ப் படுடின்னு அனுப்பிருவேன். பரீட்சைக்கு டிமிக்கி குடுக்கணும்னா கன்னத்தக் கிள்ளிக்கிட்டு அவ முன்னாடி போய் நில்லுன்னு ஒரு வழக்கமே வந்துருச்சு. தெரிஞ்சுதான் அனுப்புவேன். அந்தச் செவப்ப எதுத்தாப்புல வெச்சுக்கிட்டு என்னால பாடம் நடத்த முடியாது.

பேருதானே கேட்ட. முகம் கெசியாவோடது, உங்கம்மா சொன்னது சரி. கன்னத்துல இருக்கிற நிறம் லோயிஸோடது, அதனால உங்கப்பா சொன்னதும் சரி. அட, எந்திரிக்காத. இன்னும் முடியல.

கெசியா முகம் மெழுகாட்டம் இருந்துச்சு. என்னத்தக் கலந்து பூசியும் உசுரு வரல. மத்தியானம் நிமிந்து பாக்குறேன், லோயிஸ் கன்னத்துல அந்த நிறம் ஏறிக்கிட்டிருக்கு. கண்ணு பளபளங்குது. மிஸ், தொண்டை வலிக்குது, எறங்கட்டுமான்னா. எனக்கு அது என்னன்னு தெரியும்மா. அந்த வருஷம் அந்தப் பள்ளத்தாக்கு பூரா அதே நோய், படுத்துக் கிடந்த பிள்ளைங்களப் போன வீட்டுலயெல்லாம் பாத்தவ நான். வெளிச்சம் போயிரும், இன்னும் கொஞ்ச நேரம் கண்ணுன்னு சொல்லி உக்கார வெச்சு, அதப் பாத்துப் பாத்துச் சாயம் கலந்தேன். சாயங்காலம் வரைக்கும் ஆடல. நல்ல பிள்ளை.

அடுத்த வாரமே உங்கப்பா மறுபடி ஆள் அனுப்புனாரு, லோயிஸையும் வரையணும்னு. நான் போகல. அதான் உங்க வீட்ல ரெண்டு பிள்ளைக்கும் ஒரே படம்.