பெரிய துண்டு யாருக்கு?

அச்சறையின் அரசியே, அதட்டும்போதும் அன்பு குறையாத எங்கள் அக்காவே, வணக்கம்!

சூடான சாக்லேட்டைச் சொட்டும் சிந்தாமல் அச்சில் வார்த்தவரே, சிந்தியவர் தலையில் செல்லமாய்க் குட்டியவரே, ஊரே தின்று மகிழும் நம் கடலை சாக்லேட்டின் வரலாற்றை உங்களை விட்டுவிட்டு எழுத முடியுமா?

தொடக்கத்தில் அது கோடே இல்லாத ஒற்றைக் கட்டி. வாங்கியவர் கடித்தார், பக்கத்தில் இருந்தவர் பார்த்தார். பிறகு, நடுவில் ஒடிக்கக் கோடு போடச் சொன்னது நிர்வாகம். பட்டறைக்காரர் அளவைத் தவறவிட, கோடு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. அந்த அச்சுகளை உருக்க எடுத்துப்போக வந்தவர்களை, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமும் ஆகாத நீங்கள் வாசலிலேயே மறித்தீர்கள்.

“சமமா ஒடிச்சா அது பங்கு சார். பெரிய துண்டை நீட்டினாதான் பாசம். இருக்கட்டும், விடுங்க!”

விட்டார்கள். அன்றுமுதல் அண்ணன் தங்கைக்கு நீட்டினான். முகம் திருப்பிக்கொண்ட மனைவிக்குக் கணவன் நீட்டினான். கடைகளிலே சாக்லேட்டின் பெயரை மறந்து, “பெரிய துண்டு ஒண்ணு குடுங்க” என்றே கேட்டார்கள்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் பண்பின் உருவே! பதம் பார்க்க ஒடித்த ஒவ்வொரு சாக்லேட்டிலும் பெரிய துண்டு பக்கத்தில் நின்றவருக்கே. காலையில் உங்களோடு சண்டை போட்டவருக்கும் அதே துண்டுதான். கேட்டால், “அவன் வாயை அடைக்கத்தான்” என்பீர்கள். “எனக்கு இனிப்பு அவ்வளவாப் பிடிக்காது” என்றும் சொல்வீர்கள். நாங்கள் என்ன, காதிலே பூவா வைத்திருக்கிறோம்?

சென்ற மாதம் புது இயந்திரத்துக்கான அச்சின் வரைபடம் வந்தது. கோடு நட்டநடுவில்! அன்று நீங்கள் யாரையும் அதட்டவில்லை, அக்கா. அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. உங்களுக்குத் தெரியாமல் எல்லோரும் மேலாளர் அறைக்குப் போனோம். “நடுவில் இருந்தால் என்னய்யா கெட்டுப்போச்சு?” என்று கேட்டுக்கொண்டே மேசைமேல் இருந்த சாக்லேட்டை ஒடித்தவர், தம்மை அறியாமல் பெரிய துண்டைப் பக்கத்தில் நின்ற கணக்காளரிடம் நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

நோயும் கவலையும் உங்கள் வாசற்படி மிதியாதிருக்க, நூறாண்டு கடந்தும் அதட்டிக்கொண்டே வாழ்க!

இதோ, தட்டில் இருப்பது புது அச்சில் வார்த்த முதல் சாக்லேட். கோடு பழைய இடத்திலேயே இருக்கிறது. இன்று ஒடிக்கப்போவது நாங்கள். பிடிக்காது என்று சொல்லாமல் கையை நீட்டுங்கள், அக்கா. பெரிய துண்டு உங்களுக்கு.

உங்கள் கையால் பெரிய துண்டு தின்ற,
அச்சறை, கொதிகலன், உறையிடும் பிரிவுப் பணியாளர்கள்,
கணக்காளர், மேலாளர்.