கயிறு பிடிச்சவனுக்குக் கேட்ட பாட்டு

மலைத்தேன் வாங்கினா ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க சார். அடியில சர்க்கரை மாதிரி உறைஞ்சிடும். உடனே கலப்படம்னு மலைக்காரங்களைத் திட்ட ஆரம்பிச்சிடுவாங்க. ஜமுனாமரத்தூர் சந்தையில இந்தச் சண்டை வாராவாரம் நடக்கும். நான் நின்னு, ஏன் உறையுதுன்னு ரெண்டு பக்கத்துக்கும் விளக்கிட்டுத்தான் பஸ் ஏறுவேன். தெரிஞ்சதைச் சொல்லாம இருக்கிறது என் சுபாவத்துக்கு ஆகாது.

இன்னிக்கு ஸ்டேஷனுக்கு வந்ததும் அதுக்குத்தான். நீங்க பிடிச்சு வச்சிருக்கீங்களே ரங்கன், அவன் மேல தப்பு இல்ல. எழுதிக்குங்க, நிதானமாவே சொல்றேன். நடுவுல மட்டும் கேள்வி கேக்காதீங்க, எனக்குக் கோர்வை போயிடும்.

என் பேரு சரிதா. வூடு கீழ ஒடுகத்தூர்ல. காலேஜ்ல இசை சொல்லிக்கொடுக்கிறேன். அறிவியலும் இசையும் மக்கள் வழக்கமும் ஒண்ணா சேரணும்னு மேடையில பேசாத ஆளே கிடையாது. பேசிட்டு டீ குடிச்சிட்டுப் போயிடுவாங்க. சேர்த்துச் செஞ்சு பாத்தவ நான்.

செத்துப்போன சின்னக்குழந்தை இந்த மலையிலயே நல்ல தேன்காரரு. இடுப்புல கயிறு கட்டிப் பாறையில இறங்குவாரு. மேல கயித்தை மரத்துல ஒரு சுத்து விட்டுப் பிடிக்கிறது ரங்கன், அவரு மச்சான். இங்க பொண்டாட்டியோட அண்ணன் தம்பிதான் கயிறு பிடிக்கணும். கூடப் பொறந்தவளைத் தாலியறுக்க எவனும் விடமாட்டான், அந்தக் கணக்கு. பாறை முன்னால துருத்திட்டு நிக்கிறதால மேல இருக்கிறவனுக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. இறங்கினதுல இருந்து ஏறுற வரைக்கும் சின்னக்குழந்தை ஒரு பாட்டு பாடிட்டே இருப்பாரு. முழுக்க மச்சானைக் கிண்டல் பண்ற பாட்டு. 'நான் போய்ட்டா உன் தங்கச்சிக்குச் சோறு நீதான் போடணும், நல்லாப் புடி'ன்னு வரும். ரங்கன் மேல இருந்து சிரிப்பான்.

பாட்டோட சுருதியும் தேனீக்கூட்டத்தோட இரைச்சலும் ஏறக்குறைய ஒண்ணா இருந்ததை முதல்ல கவனிச்சது நான்தான். கடைசிச் சரணத்துல சுருதி ஒரு படி ஏறும். அங்க தேனீ அடங்கிடுதுன்னு எனக்குப் பட்டுது. பாட்டு தேனீக்காகத்தான்னு ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை அனுப்பினேன். பாடுற ஆளோட மூச்சு, அசைவு இதெல்லாம் இல்லாம வெறும் பாட்டை வச்சுக் காட்டுங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நியாயமான கேள்விதான். எனக்கு ரோஷமா இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன்.

சின்னக்குழந்தை சம்சாரம் ஜெயம்மாள் என்கிட்ட ஆரம்பத்துலயே வேற மாதிரி சொன்னா. "தேனீக்கு இன்னா மேடம் பாட்டு தெரியும்? அது எங்க அண்ணனுக்குங்க. பாட்டு நின்னா ஏதோ ஆபத்துன்னு அண்ணன் கயித்தை இழுத்துடும்." அதை நான் எழுதிக்கல. பாமரர் விளக்கம்னு ஒரு வகை இருக்கு. அதுல சேர்த்துட்டேன்.

அதனால பாட்டைப் பதிவு செஞ்சு ஸ்பீக்கர்ல போட்டு, அதை அவரு கூடையில வச்சு இறக்கலாம்னு முடிவு பண்ணேன். அவரு வாய் திறக்கக் கூடாது. தன் குரலைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கல. "அப்ப எனக்கு லீவா மேடம்? மச்சான் ஏமாந்துடுவான் பாருங்க. சொல்லிடட்டுமா அவன்கிட்ட?" வேணாம்னேன். தெரிஞ்சா அவன் கயிறு பிடிக்கிற விதம் மாறும், ஆய்வு கெட்டுடும். ஒரு தரப்புக்குத் தெரியாம இருக்கணுங்கிறது ஆராய்ச்சியில பால பாடம் சார். "ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?"ன்னாரு. எதிர்ப் பாறையில நான்தான் ஃபோனும் கையுமா உக்காந்திருப்பேன், ஒரு விரல் தொட்டா பாட்டு நின்னுடும்னேன். நம்பிட்டாரு.

வழக்கமா இருட்டினப்புறம்தான் இறங்குவாங்க. கேமராவுக்கு வெளிச்சம் வேணும்னு சாயங்காலமே இறங்கச் சொன்னேன். ரங்கன் முணுமுணுத்தான். "பகல்ல அதுங்க மூஞ்சியப் பாத்துக் கொட்டும் மேடம்." நான் நயமாப் பேசி ஒத்துக்க வச்சேன்.

ரெண்டாவது சரணத்துல தேனீ கிளம்பிடுச்சு. முகம், கழுத்து, வாய், ஒரு இடம் பாக்கியில்ல. கத்தினாரு. ஸ்பீக்கர் சத்தம் பெருசு, அவரு கத்தினது மேல எட்டல. கயித்தை உதறினாரு. தேன் அறுக்கும்போதும் கயிறு அப்படித்தான் ஆடும். அப்புறம் என் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினாரு. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. விரல் ஃபோன் மேலதான் இருந்துச்சு. கடைசிச் சரணம் இன்னும் வரல. இப்ப நிறுத்தினா அத்தனையும் வீண், இன்னொரு தடவை அவரு ஒத்துக்க மாட்டாரு, இப்படித்தான் மனசு ஓடிச்சு. தங்கச்சிக்குச் சோறு போடற அடி வந்தப்ப மேல ரங்கன் வாய்விட்டுச் சிரிச்சது எனக்குக் கேட்டுது. எனக்குக் கஷ்டமா இருந்துச்சு சார். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்.

பாட்டு முடிஞ்சு நின்னதும் ரங்கன் இழுத்துட்டான். ஒரு நொடி தாமதிக்கல. நான் சுத்திக்கிட்டு ஓடி மேல போய்ச் சேர்ந்தப்ப அவருக்கு உசுரு இல்ல. ரங்கனும் கூட வந்தவங்களும் தலையில அடிச்சிட்டு அழுதாங்க. அந்த அமளியில யாரும் கவனிக்கல, நான் கூடையில இருந்து ஸ்பீக்கரை எடுத்துப் பையில வச்சுக்கிட்டேன். காலேஜ் பொருள், கணக்கு காட்டணும்.

மத்தது உங்களுக்குத் தெரியும். தொண்டை வீங்கி அடைச்சிருக்கு, பாடியிருக்கவே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கடைசி வரைக்கும் பாடினான்னு ரங்கன் ஒத்தக்கால்ல நிக்கிறான். ரெண்டு பேருக்கும் புளியமரப் பங்குல தகராறு இருந்ததால ஊரே அவன்தான் வேணும்னே இழுக்காம விட்டுட்டான்னு சொல்லுது. ஜெயம்மாள் கூடப்பொறந்தவன் மூஞ்சியில முழிக்கிறதில்ல. காரியம் முடிஞ்சு அவ என்னைத் தேடி ஒடுகத்தூருக்கே வந்தா. "நீங்க எதுர்லதானே இருந்தீங்க. அந்தாளு பாடினாரா மேடம்? ஒரே வார்த்தை சொல்லுங்க, நான் அண்ணனைப் போய்ப் பாத்துடறேன்." நான் கேமராவைப் பாத்துட்டு இருந்தேன், கவனிக்கலன்னுட்டேன். தண்ணி கொடுத்தேன், குடிக்காமப் போய்ட்டா.

இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கலன்னு கேப்பீங்க. கட்டுரை பரிசீலனையில இருந்துச்சு. முந்தாநாள்தான் ஏத்துக்கிட்டாங்க. சின்னக்குழந்தைக்கு நன்றின்னு தனியா ஒரு வரி போட்டிருக்கேன், பேருக்கு முன்னால அமரர்னு சேர்த்து.

ஆக, ரங்கன் கேட்டது நெசம். பாட்டு நிக்கல. நிறுத்த முடிஞ்சவ நான் ஒருத்திதான், நான் நிறுத்தல. அவனை வுட்ருங்க, ஜெயம்மாள் தன் அண்ணனைப் போய்ப் பாக்கட்டும். கையெழுத்து எங்க போடணும்?

வீடியோவும் கொண்டுவந்திருக்கேன். கடைசிச் சரணம் வந்ததும் தேனீ அவரை விட்டு ஒண்ணொண்ணா விலகித் தேனடைக்குத் திரும்புறது அதுல தெளிவாத் தெரியும். அதுக்குள்ள அவரு அசைவு நின்னுடுச்சு, அதனாலதான் அடங்கிச்சுன்னு நீங்க நினைக்கலாம். நானும் அதைப் பல தடவை போட்டுப் பாத்துட்டேன். இல்ல சார். பாட்டுக்குத்தான் அடங்கிச்சு.